பதின்மூன்று வயதில் பாடிய பாட்டு
குடும்பப் பாரம் சுமந்த ஒரு சிறுமியின் கதை

கிறிஸ்மஸ் பண்டிகை நெருங்கும் நாட்களில் உலகின் பல நகரங்களில் ஓர் ஆங்கிலப் பாட்டு ஒலிக்கத் தொடங்கும். கிறிஸ்மஸ் மரத்தைச் சுற்றி ஆடிப்பாடும் களிப்பைக் கூறும் துள்ளலான பாட்டு அது. குரலிலே நல்ல கனம் இருக்கும். சற்றே கரகரப்பும் இருக்கும். வாழ்க்கையின் இன்ப துன்பங்களை அனுபவித்தறிந்த ஒரு நடுவயது மாது பாடுகின்றாள் என்றே கேட்போர் எண்ணுவர். ஆனால், 1958ஆம் ஆண்டில் அப்பாட்டு ஒலிப்பதிவு செய்யப்பட்டபொழுது அதனைப் பாடியவளுக்கு வயது பதின்மூன்று. எங்கள் வீடுகளில் எட்டாம் வகுப்புப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு பாடசாலைக்குச் செல்லும் சிறுமியின் வயது!

அச்சிறுமியின் பெயர் பிறெண்டா லீ. அப்பாட்டு வெளிவந்து அறுபத்தைந்து ஆண்டுகள் சென்றபின், 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்க இசைத்தட்டு வரிசையில் முதலாம் இடத்தைப் பிடித்தது. அவ்வரிசை 9ஆம் திகதியிடப்பட்டது. 11ஆம் திகதி பாடகிக்கு எழுபத்தொன்பது வயது நிறைந்தது. சிறுமியாயிருந்தபொழுது விதைத்ததை மூதாட்டியாகி அறுவடை செய்த இவரது வாழ்க்கை, கேட்பதற்கு விந்தையானது மாத்திரமன்று. பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொருவரும் சிந்திப்பதற்கும் உரியது. அதனாலேயே அதனை இவ்வாரம் வாசகர்களுக்கு எடுத்துக்கூற விழைந்தோம்.

ஏழை வீட்டுக் குயில்

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜோர்ஜியா மாநிலத்தில், அற்லாண்டா நகரில், 1944ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் திகதி இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிறெண்டா மே ராப்ளி. தந்தையார் கட்டிட வேலைத் தளங்களில் உழைத்த தொழிலாளி. வேலை கிடைக்கும் இடந்தேடி ஊர் ஊராகக் குடிபெயர்ந்த குடும்பம் அது. தண்ணீர்க் குழாய் வசதியுமில்லாத சிறு வீடுகளில் அக்குடும்பம் காலங்கழித்தது. பிள்ளைகள் மூவரும் ஒரே கட்டிலில் நெருக்கியடித்துக்கொண்டு உறங்கினர்.

அவ்வீட்டிலே செல்வமென்று சொல்லத்தக்க பொருள் ஏதும் இருந்ததாயின், அது வானொலிப் பெட்டி ஒன்றுதான். பேச்சுத் திருந்தாத பருவத்திலேயே, வானொலியிற் கேட்ட மெட்டைக் குழந்தை பிறெண்டா அப்படியே சீழ்க்கையடித்துக் காட்டுவாளாம். மூன்று வயதில் அவளை மிட்டாய்க் கடையின் மேசைமீது ஏற்றி நிறுத்திப் பாடச் சொல்வர். பாடி முடிந்ததும் மிட்டாயோ சில்லறைக் காசோ கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் தனித்து நின்று பாடுவாள். அவள் முதலிற் பெற்ற சங்கீதப் பயிற்சி இதுவே. ஆசிரியர் எவரும் வைத்து முறையாகக் கற்பிக்க வசதியில்லாத வீட்டில், காதே குருவாயிற்று.

ஆறு வயதளவில் ஒரு திறமைப் போட்டியில் வெற்றியீட்டினாள். அதன் பயனாக அற்லாண்டா வானொலி நிகழ்ச்சியொன்றிற் பாடும் வாய்ப்பும் கிடைத்தது. அதுவரைக்கும் பாட்டு அவளுக்கு ஒரு விளையாட்டு. அதன்பின் நேர்ந்ததோ வேறு.

1953ஆம் ஆண்டு தந்தையார் வேலைத்தளத்தில் நேர்ந்த விபத்தொன்றில் தலையிற் காயமுற்று இறந்தார். பிறெண்டாவுக்கு அப்பொழுது வயது எட்டு. விதவைத் தாயும் மூன்று பிள்ளைகளும் திக்கற்று நின்றனர். தாயார் தம்மாலியன்ற வேலைகளுக்குச் சென்றார். எனினும் அடுத்த இரண்டோர் ஆண்டுகளில், அக்குடும்பத்தின் அடுப்பு எரிவதற்கு முக்கிய ஆதாரமாக இருந்தது சிறுமி பிறெண்டாவின் குரலே. பத்து வயதுப் பிள்ளை பாடினாள், வீட்டார் உண்டனர். பெருமைக்குரிய செய்தியா இது, வருந்துதற்குரிய செய்தியா என்று கேட்டால், இரண்டுமே என்றுதான் நாம் விடை கூறவேண்டும்.

முப்பது டொலரை மறுத்த நாள்

ஜோர்ஜியாவின் ஒகஸ்தா நகரில் அவள் உள்ளூர் நிகழ்ச்சிகளிற் பாடி வந்த காலத்தில், தொலைக்காட்சி நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒருவர் 'ராப்ளி' என்னும் பெயர் மக்கள் மனதில் எளிதிற் பதியாதென்று கருதினார். அன்று தொடக்கம் அவள் 'பிறெண்டா லீ' ஆனாள்.

1955ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நகருக்கு றெட் ஃபோலி என்னும் பெரும் பாடகர் வந்தார். ஃபோலி 'கண்ட்ரி' இசையில் அக்காலத்தில் முன்னணியில் நின்றவர். கண்ட்ரி இசை என்பது யாதெனில், அமெரிக்கத் தென்மாநிலங்களின் மலைப்புறங்களிலும் வயற்புறங்களிலும் வாழ்ந்த ஏழைக் குடியானவர்களிடையே வளர்ந்த நாட்டுப்புற இசையாகும். பிடிலும் கிற்றாரும் பாஞ்சோவும் அதன் வாத்தியங்கள். உழைப்பு, வறுமை, காதல், பிரிவு, கடவுள் நம்பிக்கை ஆகியவையே அதன் பொருள். 1925ஆம் ஆண்டில் ரெனசி மாநிலத்தின் நாஷ்வில் நகர வானொலியிலே தொடங்கிய 'கிராண்ட் ஓல் ஒப்றி' என்ற நிகழ்ச்சி, அக்குடியானவர்களின் பாட்டை நாடெங்கும் பரப்பியது.

ஃபோலியின் கச்சேரி நடந்த அதே இரவு வேறோர் ஊர் வானொலி நிலையத்திற் பாடுமாறு பிறெண்டாவுக்கு அழைப்பு வந்திருந்தது. கூலி முப்பது டொலர். வறிய வீட்டுக்கு முப்பது டொலர் சிறு தொகையன்று. ஆயினும் அதனை மறுத்துவிட்டு, ஃபோலியின் பாட்டைக் கேட்கவே சிறுமி சென்றாள். அங்கே உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் பரிந்துபேச, ஃபோலி அவளுக்கு ஒரு பாட்டுப் பாட இடங்கொடுத்தார். அவள் பாடியது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலஞ்சென்ற ஹாங்க் வில்லியம்ஸ் புகழ்பெறச் செய்த 'ஜம்பலாயா' என்ற பாட்டு.

குள்ளமான சிறுமி. வாய் திறந்தவுடன் எழுந்ததோ அரங்கின் கடைசி வரிசைவரை சென்று முட்டும் குரல். ஒரு காலால் தாளந்தட்டி அவள் பாடிய அழகிலே மெய்சிலிர்த்து, தாம் மேடையைவிட்டு விலக வேண்டும் என்பதையே மறந்து நின்றதாக ஃபோலி பின்னாளிற் கூறியுள்ளார். சபையோர் விடவில்லை, மேலும் சில பாட்டுக்கள் பாடிய பின்னரே அவள் இறங்கினாள். சில வாரங்களுக்குள், மிசூரி மாநிலம் ஸ்பிறிங்பீல்டிலிருந்து நாடளாவ ஒளிபரப்பான ஃபோலியின் 'ஓசார்க் ஜூபிலி' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவள் தோன்றினாள். அடுத்த ஆண்டு, 1956 யூலையில், டெக்கா இசைத்தட்டுக் கம்பெனி அவளோடு ஒப்பந்தஞ் செய்துகொண்டது.

ஒன்பது வயதா? முப்பத்திரண்டு வயதா?

இங்கே வாசகர்கள் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. முதலாவது இசைத்தட்டு வெளிவந்தபொழுது அதன் மேல் 'சின்னப் பிறெண்டா லீ, ஒன்பது வயது' என்று அச்சிட்டிருந்தார்கள். உண்மையில் அவளுக்கு வயது பதினொன்று. வயது குறையக் குறைய வியப்புக் கூடும்; வியப்புக் கூடக்கூட விற்பனையும் கூடும் என்பது வியாபாரிகளின் கணக்கு.

மூன்று ஆண்டுகள் சென்றபின் நேர்ந்ததோ இதற்கு நேர்மாறு. 1959ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் புகழ்பெற்ற ஒலிம்பியா அரங்கில் அவள் பாட ஏற்பாடாயிற்று. குரலைக் கேட்டு முதிர்ந்த மாது ஒருத்தியையே எதிர்பார்த்திருந்த அரங்கத்தார், வரப்போவது சிறுமி என அறிந்ததும் பின்வாங்கினர். அவளுடைய அலுவல்களைக் கவனித்துவந்த டப் ஆல்பிறிற்றன் என்பவர் பலே தந்திரசாலி. பிறெண்டா லீ சிறுமியல்லள், முப்பத்திரண்டு வயதுக் குள்ளப் பெண் என்றொரு வதந்தியைப் பத்திரிகையிற் கசியவிட்டார். பின்னர் அதனைத் தாமே ஆவேசமாக மறுத்தார். பாரிஸ் நகரம் முழுவதும் அதே பேச்சாயிற்று. உண்மையை நேரிற் காணத் திரண்ட கூட்டம் பாட்டைக் கேட்டு மயங்கியது. சில தினங்களுக்கென ஏற்பாடான நிகழ்ச்சி வாரக்கணக்கில் நீடித்தது.

இவற்றை வேடிக்கைக் கதைகளாக இன்று நாம் சொல்லி நகைக்கலாம். ஆனால், ஒரு நாட்டில் வயதைக் குறைத்தும் மறுநாட்டில் வயதைக் கூட்டியும் விலைபேசப்பட்ட அந்தப் பிள்ளைக்கு, தன் மெய்யான வயதில் வாழ எத்தனை நாட்கள் கிடைத்திருக்கும்? தோழியரெல்லாம் விடுமுறையில் விளையாடியபொழுது, அவள் ஊர் ஊராகப் பிரயாணஞ் செய்தாள். பள்ளிக்கூடத்தை அவள் விட்டுவிடவில்லை. நாஷ்வில் நகரப் பாடசாலையிற் படித்து, பின்னர் கலைத்தொழில் புரியும் பிள்ளைகளுக்கான ஹொலிவூட் கல்விக்கூடம் ஒன்றிலும் பயின்றாள். எனினும், புத்தகமும் மேடையும் அவளை இரு கைகளிலும் பற்றி இழுத்துக்கொண்டே இருந்தன.

பூட்டி வைத்த பணம்

பிள்ளைக் கலைஞர்களின் சம்பாத்தியம் எங்கே செல்கின்றது? இக்கேள்வி அமெரிக்காவை ஒருகாலத்தில் உலுக்கிய கேள்வியாகும். சார்ளி சப்ளினுடன் 1921ஆம் ஆண்டில் வெளிவந்த 'த கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் என்ற சிறுவன் பெருஞ்செல்வம் ஈட்டினான். வளர்ந்து ஆளானபின் பார்த்தால், தாயும் சிறிய தகப்பனாரும் அதிற் பெரும்பகுதியைச் செலவழித்து முடித்திருந்தார்கள். 1938ஆம் ஆண்டில் அவன் வழக்குத் தொடர்ந்தான். மிஞ்சியதில் ஒரு பங்கே கைக்கு வந்தது. அந்த அநீதியின் பயனாகவே, பிள்ளைக் கலைஞரின் ஊதியத்தில் ஒரு பகுதியைச் சேமித்துக் காக்கவேண்டும் என்னும் சட்டம் 1939இல் கலிபோர்னியா மாநிலத்தில் நிறைவேறியது.

பிறெண்டாவின் சம்பாத்தியமும் அவள் பராயமடையும்வரை பாதுகாப்பில் வைக்கப்பட்டது. ஆகவே, இசைத்தட்டுக்கள் இலட்சக்கணக்கில் விற்பனையாகிய காலத்திலும், குடும்பம் சில்லுகள் பூட்டிய வண்டி வீடுகள் நிறைந்த ஓர் எளிய குடியிருப்பிலேயே வாழ்ந்தது. புகழ் உலகளாவியது, வீட்டுச் செலவோ அளவிட்டது. அன்றைக்கு அது பெருங் குறையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் கூகனின் கதையை அறிந்தோர், பூட்டி வைத்த பணமே பிள்ளைக்கு நின்று உதவும் பணம் என்பதை ஒப்புக்கொள்வர்.

நாஷ்வில் தந்த நல்லாசான்

அவளுக்கு வாய்த்த பெரும் பேறு, ஓவன் பிராட்லி என்னும் ஒலிப்பதிவு வித்தகர். நாஷ்வில் நகரில் ஒரு பழைய வீட்டையும், அதனோடு சேர்த்து அமைத்த வளைந்த தகரக் கொட்டகை ஒன்றையும் ஒலிப்பதிவுக் கூடமாக்கியவர் அவர். இராணுவத்தார் பயன்படுத்தும் கொட்டகை போன்ற அவ்விடத்திலிருந்துதான் 'நாஷ்வில் நாதம்' எனப் பெயர்பெற்ற புதுமுறை பிறந்தது. குடியானவர் இசையின் முரட்டுப் பிடிலை ஒதுக்கி, வயலின் குழுவையும் மெல்லிய கூட்டுக் குரல்களையும் சேர்த்து, நகரத்தாரும் விரும்பிக் கேட்கும்படி அதற்கு மெருகூட்டினர். ஹாங்க் கார்லண்டின் கிற்றார், பூட்ஸ் றண்டோல்பின் சக்ஸபோன், புளொயிட் கிறேமரின் பியானோ எனத் தேர்ந்த கலைஞர்கள் அச்சிறுமிக்குப் பக்கபலமாக நின்றனர்.

1958இல் அங்குதான் அந்தக் கிறிஸ்மஸ் பாட்டு ஒலிப்பதிவாயிற்று. பண்டிகையின் உணர்வு பிறக்கட்டும் என்று பிராட்லி கூடத்தைக் குளிரூட்டி, கிறிஸ்மஸ் மரமும் நாட்டி வைத்திருந்தார் எனப் பாடகி நினைவுகூர்ந்துள்ளார். ஆனால், அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் இசைத்தட்டு விலைபோகவில்லை.

1960ஆம் ஆண்டிற் காற்றுத் திரும்பியது. 'ஐ ஆம் சொறி' என்ற பாட்டைப் பதினைந்து வயதில் அவள் பாடினாள். காதலிற் பிழைசெய்து மன்னிப்பு வேண்டும் பாட்டு அது. பதினைந்து வயதுப் பெண் இவ்வாறு பாடுவது தகுமோ என்று கம்பெனியார் தயங்கி, சிறிது காலம் வெளியிடாமல் வைத்திருந்தனராம். ஈற்றில் இசைத்தட்டின் மறுபக்கப் பாட்டாகவே அது வெளிவந்தது. மக்களோ தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டனர்! யூலை மாதத்தில் அது முதலாம் இடத்தைப் பெற்றது. ஒக்டோபரில் அவளுடைய வேறொரு பாட்டும் முதலாம் இடத்துக்கு ஏறியது. பாடகியின் பெயர் பரவிய அவ்வாண்டுக் கிறிஸ்மஸ் காலத்திலே, கிடப்பிற் கிடந்த பண்டிகைப் பாட்டும் உயிர்த்தெழுந்தது. 1962ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹாம்பேர்க் நகரில் அவள் பாடியபொழுது, அவளுக்கு முன்னர் மேடையேறிப் பாடிய இளைஞர் குழுவொன்றுக்குப் பீற்றில்ஸ் என்று பெயர். அக்குழுவை அன்று உலகம் அறியாது.

தானே தேர்ந்த வழி

1963ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், பிறெண்டா லீ தாம் விரும்பியவரை மணந்துகொண்டார். மணவாழ்வு நிலைக்காத கலையுலகிலே அவ்விணைப்பு நிலைத்தது. இரு பெண்மக்களும் பிறந்தனர். குடும்பமும் கச்சேரியும் ஒருங்கே நடந்தன. 1964இல் இலண்டன் மாநகரில் அரச குடும்பத்தினர் முன்னிலையிலும் பாடினார்.

ஆயினும், காலம் மாறியது. பீற்றில்ஸ் குழுவின் அலை அமெரிக்காவை மூடியபின், பழைய பாடகர் பலரின் இசைத்தட்டுக்கள் கடைத்தட்டுகளிலே தூசி படிந்தன. குழந்தையாயிருந்து புகழ்பெற்றோருக்கு இது கொடிய வேளை. 'சின்னப் பிறெண்டா' என்று கொண்டாடிய உலகுக்கு, முப்பது வயதை நெருங்கும் பிறெண்டாவை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை, தாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினார். ஓவன் பிராட்லியின் துணையோடு மீண்டும் கண்ட்ரி இசையைப் பற்றினார். 1973ஆம் ஆண்டில், கிறிஸ் கிறிஸ்ரோபர்சன் இயற்றிய 'நோபொடி வின்ஸ்' என்ற பாட்டு கண்ட்ரி வரிசையின் முதல் ஐந்து இடங்களுள் ஒன்றைப் பெற்றது. அதனைத் தொடர்ந்து மேலும் பல பாட்டுக்கள் முதற் பத்துக்குள் வந்தன. ஒகஸ்தா மேடையில் ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டைப் பாடிய சிறுமி, அவரது வழித்தோன்றலாகவே நின்றார். 1997இல் கண்ட்ரி இசைப் பெருமன்றமும், 2002இல் றொக் அன்ட் றோல் பெருமன்றமும் அவரைத் தம் உறுப்பினர் வரிசையிற் சேர்த்தன. இவ்விரு சிறப்பையும் பெற்ற முதற் பெண்மணி அவரே.

இறுதியாக வந்த வெற்றி

1990ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹோம் அலோன்' திரைப்படத்தில் அக்கிறிஸ்மஸ் பாட்டு இடம்பெற்றது. புதிய தலைமுறைச் சிறுவர் அதனைத் தம் பாட்டாக ஏற்றனர். 2019ஆம் ஆண்டு தொடக்கம் ஆண்டுதோறும் இரண்டாம் இடம்வரை ஏறி நின்றது. 2023இல் அதற்கெனப் புதிதாக ஒரு காட்சிப்படம் எடுத்தார்கள். எழுபத்தெட்டு வயது பிறெண்டா லீ அதில் தோன்றி வாயசைத்தார். ஒலித்ததோ பதின்மூன்று வயது பிறெண்டாவின் குரல். அருகில் நின்ற பாடகியருள் ஒருவர் ரான்யா ரக்கர். 1972இல் 'டெல்ரா டோன்' என்ற பாட்டின் மூலம் அவரும் பதின்மூன்று வயதிற் புகழடைந்தவரே! குழந்தைப் பருவத்தை மேடைக்குக் கொடுத்த இருவர், நரை முதிர்ந்தபின் ஒன்றாய் நின்று சிரித்த காட்சி அது. பாட்டு முதலாம் இடத்துக்கு ஏறியது. அவ்விடத்தைப் பெற்ற பெண் கலைஞர்களுள் வயதில் மூத்தவர் என்ற பெருமையும் அவருக்குக் கிட்டியது. இரண்டாவது வெற்றிக்கும் இந்த மூன்றாவது வெற்றிக்கும் இடையே கழிந்த காலம் அறுபத்துமூன்று ஆண்டுகள்!

நாம் அறியவேண்டியது

மழலை மாறாத பிள்ளைகளை மேடையேற்றிக் கைதட்டி மகிழும் பழக்கம் எந்நாட்டிலும் உண்டு. தொலைக்காட்சியிலே போட்டிகள் பெருகிய இக்காலத்தில் அது இன்னும் அதிகமாகியுள்ளது. பிறெண்டா லீயின் கதையை அதற்கு ஆதரவாகக் காட்டுவோரும் இருப்பர். எதிராகக் காட்டுவோரும் இருப்பர். நாம் கூறுவது வேறு.

அவர் அழியாமல் நின்றமைக்குக் குரல் மாத்திரம் காரணமன்று. மேடையில் இடங்கொடுத்து ஒதுங்கி நின்ற ஒரு ஃபோலி இருந்தார். அவசரப்படாமல் வளர்த்தெடுத்த ஒரு பிராட்லி இருந்தார். ஊதியத்தைக் காத்த ஓர் ஏற்பாடு இருந்தது. ஊர் ஊராய் அலைந்த காலத்திலும் கைவிடப்படாத பள்ளிப்படிப்பு இருந்தது. இவற்றுள் ஒன்று தவறியிருந்தாலும், பிள்ளைப் பருவத்தில் மின்னி மறைந்த எண்ணற்றோருள் அவரும் ஒருவராகியிருப்பார். திறமை பிள்ளையுடன் பிறக்கலாம். காவலைப் பெரியோர்தாம் அளிக்கவேண்டும்.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்வோம். அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுமி, பாட்டு விற்குமோ விற்காதோ என்று அறியாமலே பாடினாள். இரண்டு ஆண்டுகள் எவரும் வாங்கவில்லை. ஆயினும், அன்று கூடத்தில் தன் முழுக்குரலையும் கொடுத்தே பாடியிருந்தாள். அதனாலன்றோ, அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து உலகம் திரும்பி வந்து கேட்டபொழுது, அக்குரலில் ஒரு குறையும் காணப்படவில்லை!